சின்ன பேட்டரி ஏன் செத்தது

நான் யாரையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. சலவைக் கடை நடத்துகிறவளுக்கு அது ஆகாது. போன போர்வையெல்லாம் திரும்பி வந்ததா என்று பார்த்துப் பார்த்தே பழகிவிட்டது. அதனால் பட்டறையில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, என் வேனின் மூக்குக்கு நேரே உட்கார்ந்துகொண்டேன். பட்டறைக்காரரின் நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. எந்த வண்டி வந்தாலும் "முதல்ல ஃபியூஸைப் பாப்போம்" என்பார், அதனால் தெருவே அவரை ஃபியூஸ் என்றுதான் கூப்பிடும்.

"நிழல்ல உக்காருங்க தங்கச்சி," என்றார்.

"பரவாயில்லண்ணே. இங்கருந்தாத்தான் உங்க கை தெரியுது."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கச் சொல்லவில்லை.

வேன் கரண்டில் ஓடுவது. அதன் வயிற்றில் கட்டில் அகலத்துக்கு ஒரு பெரிய பேட்டரி இருக்கிறது. ஆனால் அதைத் தட்டி எழுப்ப, கதவைத் திறக்க, விளக்குப் போட எல்லாம் முன்னால் மூடிக்கு அடியில் இருக்கும் பன்னிரண்டு வோல்ட் சின்ன பேட்டரிதான் வேண்டும். சின்னது செத்தால் பெரியது நிறைந்திருந்தும் பிரயோஜனமில்லை. போன மாதம்தான் இதே ஃபியூஸ் புதிதாக ஒன்று மாற்றினார். இன்று விடியற்காலையில் அதுவும் செத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய துணியெல்லாம் உள்ளே, கதவு திறக்கவில்லை. வார்டுக்காரம்மா போனில் என்னைக் கிழிகிழியென்று கிழித்தாள். ஃபியூஸின் பையன்கள் போய்த்தான் வேனைப் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள்.

எனக்கு இரண்டு பேர் மேல் சந்தேகம். ஒன்று இந்த ஃபியூஸ், பழைய பேட்டரியைத் துடைத்துப் புதுசென்று மாட்டியிருப்பாரோ என்று. பெரிய சந்தேகம் என் கொழுந்தன் மேல்.

வண்டி ஓட்டுவது அவன்தான். அவன் வீடு ஆஸ்பத்திரிக்குப் பக்கம், அதனால் சாயங்காலம் துணி ஏற்றிக்கொண்டு போய் ராத்திரி தன் வாசலில் நிறுத்திக்கொண்டு, விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் இறக்குவான். பகலில் வண்டி என் கடை வாசலில் சார்ஜரில் நிற்கும். அங்கே ஒரு நாளும் மக்கர் பண்ணியதில்லை. என் வாசலில் சாகாத பேட்டரி அவன் வாசலில் மட்டும் ஏன் சாக வேண்டும்? போதாததற்குக் கொஞ்ச நாளாகக் காலையில் கண் சிவந்து, கொட்டாவி விட்டுக்கொண்டு வருகிறான். ராத்திரியில் என் வண்டியில் யாருக்கோ சாமான் ஏற்றிப் போகிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். வண்டி எங்கே நிற்கிறது என்று காட்ட என் போனில் ஒரு வசதி இருக்கிறது. ராத்திரி எப்போது பார்த்தாலும் அவன் வாசலில்தான் நின்றது. அதுதான் எனக்கு இன்னும் இடித்தது. இவ்வளவு யோக்கியமாக ஒரு வண்டி நிற்குமா? ஏதோ தில்லுமுல்லு பண்ணி போனையே ஏமாற்றுகிறான் என்று நினைத்தேன்.

காலையில் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். "உங்க தம்பிகிட்டருந்து சாவியை வாங்கிடறேன். வேற ஆள் பாத்துக்கலாம்."

"அவனுக்கு இந்த வேலைய விட்டா வேற என்ன இருக்கு? ரெண்டு புள்ளைங்கள வெச்சிருக்கான்."

"அத ராத்திரி சவாரி போறப்ப யோசிச்சிருக்கணும்."

அவர் இஸ்திரிப் பெட்டியை நோக்கித் திரும்பிக்கொண்டார். நான் கொழுந்தனுக்குப் போன் போட்டு, சாவியோடு பட்டறைக்கு வா என்றேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. "சரி அண்ணி" என்றான். குற்றமுள்ளவன்தான் கேள்வி கேட்க மாட்டான் என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

ஃபியூஸ் மூடியைத் தூக்கி, ஸ்பேனரால் மைனஸ் பக்கத்து வயரை முதலில் கழற்றினார்.

"ஏன் அத மொதல்ல கழட்டறீங்க?"

"பிளஸ்ஸ மொதல்ல கழட்டி, ஸ்பேனர் பாடியில பட்டா பொறி பறக்கும். அந்த ஆரஞ்சு வயர் பக்கம் மட்டும் கைய நீட்டாதீங்க. அது பெரிய பேட்டரியோடது, ஆளைத் தூக்கிடும்."

பிடிப்பானைத் தளர்த்தி, செத்ததைத் தூக்கி வெளியே வைத்தார். நான் எழுந்து போய் அதைச் சாய்த்துப் பார்த்தேன். போன தடவை மாட்டுவதற்கு முன்னால், அவர் திரும்பிய நேரத்தில், அடியில் நகப்பாலீஷால் ஒரு பொட்டு வைத்திருந்தேன். பொட்டு அப்படியே இருந்தது.

"நல்லாப் பாத்துக்குங்க," என்றார் ஃபியூஸ். "நானும் ஒண்ணு சொல்றேன். இது நல்ல பேட்டரி. யாரோ இத உறிஞ்சி எடுத்திருக்காங்க. உங்க கொழுந்தன் எதாவது பாட்டுப் பெட்டி மாட்டியிருக்காரா?"

அப்படிக் கேட்டதும் அவர் மேல் எனக்குத் திடீர் மரியாதை வந்தது. நம் ஆள்!

புதியதை உட்கார வைத்து, பிளஸ், பிறகு மைனஸ் என்று மாட்டினார். கவ்வி மாதிரி வாய் உள்ள மீட்டரை வயரில் கடிக்க விட்டார். முன்மூடி திறந்திருந்தாலும் மூடியதாக வண்டி நம்பட்டும் என்று அதன் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் அமுக்கிவிட்டார். நான் கொண்டுவந்திருந்த மாற்றுச் சாவியால் கதவுகளைப் பூட்டி, அதைத் தூரத்து அலமாரியில் வைத்தார். "இப்ப தூங்கும். தூங்கினப்புறம் எது கரண்டு திங்குதுன்னு பாப்போம்."

வண்டி தூங்கியது. மீட்டரில் எண் இறங்கி இறங்கி, ஒன்றுமில்லை என்கிற அளவுக்கு வந்து நின்றது. அவர் பாட்டுப் பெட்டி தேடி ஜன்னல் கண்ணாடி வழியாக ஸ்டியரிங்குக்கு அடியில் டார்ச் அடித்தார். ஒன்றும் அகப்படவில்லை. எனக்குச் சும்மா உட்கார முடியவில்லை. கட்டைவிரல் தானாகப் போனை எடுத்தது. வண்டி பட்டறையில் நிற்பதாகவாவது இது ஒழுங்காகக் காட்டுகிறதா என்று அமுக்கினேன்.

மூடிக்குள் 'டக்' என்றது. டாஷ்போர்டு மினுக்கென்று எரிந்தது. மீட்டர் எண் குதித்து மேலே ஏறியது.

"யாரு தொட்டது?" என்று ஃபியூஸ் கத்தினார்.

"யாரும் தொடலையே!"

எண் இறங்கவே இல்லை. வெகுநேரம் மேலேயே நின்றுவிட்டுத்தான் மெல்ல அடங்கியது. ஃபியூஸ் தலையைச் சொறிந்தார். வண்டிக்குள் யாரோ ஒளிந்திருப்பதுபோல எனக்குத் தோன்றியது. என்ன காட்டுகிறது என்று மறுபடி போனை அமுக்கினேன். மறுபடி 'டக்'.

இந்தத் தடவை அவர் வண்டியைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார்.

"என்ன அமுக்கினீங்க?"

"வண்டி எங்கேன்னு..."

"நீங்க கேட்டா அது எந்திரிச்சுப் பதில் சொல்லணும்ல? எந்திரிச்சா ஒடனே தூங்காது. ஓடறப்பவும் சார்ஜர்ல நிக்கறப்பவும் பெரிய பேட்டரி இதுக்குத் தீனி போடும். சும்மா நிக்கறப்ப எல்லாத்தையும் இது தனியாத் தாங்கணும். ராத்திரி எத்தன தடவ கேப்பீங்க?"

"முழிப்பு வந்தா கேப்பேன்."

"முழிப்பு எத்தன தடவ வரும்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் வண்டி, என் போன், எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். படுக்கையில் புரண்டு புரண்டு, வீட்டுக்காரருக்கு வெளிச்சம் படாமல் போர்வைக்குள் போனைப் பிடித்துக்கொண்டு கிடந்த ராத்திரிகள்தான் ஞாபகம் வந்தன.

அப்போதுதான் கொழுந்தன் வந்தான். தன்னிடம் இருந்த சாவியை மேஜையில் வைத்துவிட்டு, என்னிடம் பேசாமல் ஃபியூஸிடம் போனான்.

"அண்ணே, பூட்டை மட்டும் நல்லாப் பாருங்க. ராத்திரியில வண்டி தானா முழிச்சிக்குது. உள்ள விளக்கு எரியுது. யாரோ திருட்டு ரிமோட்டை வெச்சுத் திறக்கப் பாக்கறான். நான் ஒரு மாசமா ஜன்னல்லயே உக்காந்திருக்கேன், ஒருத்தனும் கண்ல படல."

"அண்ணிகிட்ட சொல்லலையா?" என்றார் ஃபியூஸ்.

"சொன்னா அவங்க தூக்கமும் கெட்டுடும்."

ஃபியூஸ் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்ததையே துடைத்தார். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. இதை அவர் வாயால் அவன் கேட்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

"திருடன் இல்ல," என்றேன். "நான்தான். போன்ல பாத்துக்கிட்டே இருந்தேன். நான் பாக்கறப்பல்லாம் அது எரிஞ்சிருக்கு. அதுலதான் பேட்டரியும் போச்சு."

"நீங்களா அண்ணி!" அவன் முகம் ஒரு நொடி மலர்ந்தது. "நல்லவேளை. திருடனோன்னு நான்..."

பாதியில் நிறுத்தினான். எதற்காகப் பார்த்தேன் என்பது அவனுக்குப் புரிந்துகொண்டே வருவதை என்னால் பார்க்க முடிந்தது. அவன் மேஜையில் கிடந்த சாவியைப் பார்த்தான், பிறகு தரையை.

"தப்பாப் போச்சு," என்றேன். "சாவிய எடுத்துக்க. எப்பவும்போல உன் வாசல்லயே நிறுத்து. நான் இனிமே பாக்க மாட்டேன்."

அவன் சாவியை எடுத்துக்கொள்ளவில்லை.

"வண்டி ராத்திரியும் உங்க வாசல்லயே நிக்கட்டும் அண்ணி. சார்ஜர்ல இருந்தா பேட்டரிக்கும் நல்லது. சாவியும் உங்ககிட்டயே இருக்கட்டும். காலையில நான் நடந்து வந்து எடுத்துக்கறேன்."

"விடியக்கால இருட்டுல அவ்வளவு தூரம் நடப்பியா?"

"பழகிடும்."

"மழை வந்தா?"

"குடை இருக்கு அண்ணி," என்றான்.