பெண்கள் வாசல்

ஜமாலும் பீவியும் முப்பத்தோரு வருஷம் குடித்தனம் நடத்தியவர்கள். அதற்குள் எத்தனை கல்யாணத்துக்குப் போய்வந்திருப்பார்கள் என்று கேட்டால் இருவருக்குமே சொல்லத் தெரிந்திருக்காது. ஆனால் ஒன்றில்கூடப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை. அவர்கள் சொந்தத்தில் வழக்கம் அப்படி. மண்டப வாசல் வரைக்கும்தான் புருஷன் பெண்டாட்டி. அங்கே வந்ததும் பீவி பெண்கள் வாசலுக்குள் நுழைந்துவிடுவாள். பின்னால் ஒருத்தர் நிற்கிறாரே என்று ஒரு பார்வைகூடக் கிடையாது. ஜமால் ஆண்கள் பக்கம் போவார். நடுவே ஒரு திரை. பிறகு மூன்று மணி நேரத்துக்கு அவர் யாரோ, அவள் யாரோ.

பீவி போய் எட்டு மாதம் ஆகிறது. நெஞ்சை அடைக்கிறது என்று அடுப்படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பிள்ளை குட்டி கிடையாது. கோவண்டியில் இரண்டாம் மாடி வீட்டில் இப்போது ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஜமால். தாராவியில் பை தைக்கிற கார்கானா ஒன்று இருக்கிறதால் பகல் எப்படியோ கழிந்துவிடுகிறது.

போன மாதம் பீவியின் தம்பி அப்துல் வாஹித் நேரில் வந்து மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுத்தான்.

"மச்சான், சஃப்ரீனுக்கு நிக்காஹ். செம்பூர் ஹால்ல, மத்தியானம் லுஹர் தொழுதுட்டு. நீங்க முன்னால நிக்கணும், பாத்துக்கிடுங்க."

அழைக்க வருகிறவர்கள் எல்லோரும் கடைசியில் "வீட்டோட வந்திருங்க" என்பார்கள். வாஹிதுக்கும் அது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எச்சிலோடு சேர்த்து அதை விழுங்கிவிட்டு, "நீங்க வந்திருங்க" என்றான். அவன் விழுங்கியதை ஜமால் பார்த்துவிட்டார்.

போகாமல் இருக்க என்னென்னவோ சாக்கு யோசித்தார். கார்கானாவில் அவசர ஆர்டர், முழங்கால் வலி, கொஞ்சம் காய்ச்சல். உண்மையான காரணம் அவமானம் மாதிரி ஒன்று. தனியாளாக வாசலில் போய் இறங்க வேண்டும். நாலு பேர் தோளைத் தட்டி "ஸபூர் செய்யுங்க" என்பார்கள். இவருக்குப் பொறுமை இல்லை என்று யார் சொன்னார்கள்? எட்டு மாதமாகப் பொறுமையைத் தவிர வேறென்ன இருக்கிறது இவரிடம்?

ஆனால் மோதிரம் ஒன்று இருந்தது. சஃப்ரீனுக்கு மாப்பிள்ளை பேசத் தொடங்கியபோதே பீவி அதை வாங்கிவிட்டாள். "இத நான்தான் பிள்ள விரல்ல போடுவேன். வேற யாரும் கைய நீட்டப்படாது" என்று பீரோவில் தன் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். அதைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும், அது அவள் பொருள். கொடுக்கவும் ஜமாலுக்கு மனசு வரவில்லை. அவள் செய்யாமல் விட்டுப்போன காரியம் என்று இந்த உலகத்தில் அது ஒன்றுதான் பாக்கி. அதுவும் கைமாறிவிட்டால் பிறகு பீவிக்கு இங்கே என்ன வேலை?

மோதிரப் பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தார். போனதும் வாஹித் கையில் கொடுத்துவிட்டு, நிக்காஹ் முடிந்த கையோடு திரும்பிவிடுவது என்று தீர்மானம்.

ஹாலுக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் ஜமாலுக்கு ஒரு விஷயம் உறைத்தது. யாருமே இவரைத் தனியாள் என்று பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்கள்? அங்கே இருந்த ஆம்பிளை அத்தனை பேரும் தனியாள்தானே. ஒருத்தன் பக்கத்திலும் பெண்டாட்டி இல்லை. முன்வரிசை நாற்காலி, அத்தர் வாசனை, மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்க அடிதடி, எல்லாம் அப்படியே இருந்தது. முப்பத்தோரு வருஷமாக இவர் எப்படி உட்கார்ந்தாரோ அப்படித்தான் இன்றைக்கும் உட்கார்ந்திருந்தார்.

வாஹித் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தான். ஜமால் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் கொடுக்கலாம் என்று விட்டுவிட்டார்.

நிக்காஹ் முடிந்தது. துஆ ஓதி, பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். கருகமணித் தட்டு திரைக்கு அந்தப் பக்கம் போயிற்று. கொஞ்ச நேரத்தில் உள்ளே குலவைச் சத்தம் எழுந்தது. பீவி குலவை போடுவதில் பேர் போனவள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவள் குரல் மட்டும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் ஓயும். இன்றைக்கும் எல்லோரும் ஓய்ந்த பிறகு ஒரு குரல் தனியாக இழுத்தது. யாரோ ஒருத்தி. ஜமால் தலையைக் குனிந்துகொண்டார். 'ஆரம்பிச்சுட்டா' என்று வழக்கம்போல மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

அதோடு சரி. எட்டு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிப் போய்விட்டது. பெரிய சஹன் தட்டைச் சுற்றி நாலு பேரோடு உட்கார்ந்து நெய்ச்சோற்றைப் பிசைந்து வயிறாரச் சாப்பிட்டார். எதிரே இருந்தவர் நல்ல கறித்துண்டாக இவர் பக்கம் தள்ளிவிட, "பஸ், பஸ், போதும்" என்று சொல்லிக்கொண்டே அதையும் தின்றார். கத்தரிக்காயில் புளிப்பு கொஞ்சம் தூக்கல். வீட்டுக்குப் போகிற வழியில் பீவி இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவாள் என்று நினைத்தார். மோதிரம் ஞாபகத்துக்கே வரவில்லை.

கை கழுவிவிட்டுப் போய்ப் பெண்கள் வாசலுக்கு எதிரே நின்றார்.

அங்கே இன்னும் பத்துப் பதினைந்து புருஷன்மார் நின்றிருந்தார்கள். கல்யாணத்தில் ஆண்களுக்கு உண்மையான கஷ்டமே இந்த இடத்தில்தான். சோறு தின்ன இருபது நிமிஷம், பெண்டாட்டி வெளியே வர ஒரு மணி நேரம். பீவி இருக்கிறதிலேயே மோசம். எல்லா வீட்டுப் பெண்களும் வந்த பிறகு, ஹால் வாட்ச்மேன் ஷட்டரை இழுக்க வந்து உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று "அந்தர் கோயி ஹை?" கேட்டு, ஜமால் ஒரு ஆள் பாக்கி என்று "ஏக் ஹை பாய், ருக்கோ" சொல்லி அவனை நிறுத்திய பிறகுதான் அசைந்து வருவாள். வந்ததும், "என்ன அவசரம் உங்களுக்கு? ரயிலா போயிரும்?" என்று இவரையே ஏசுவாள்.

ஒவ்வொரு பெண்ணாக வந்தார்கள். ஒவ்வொரு ஆணாகக் குறைந்தான். கறுப்பு புர்கா ஒவ்வொன்றும் வெளியே வரும்போது ஜமால் நடையைப் பார்த்தார். இது இல்லை. இதுவும் இல்லை. இடது காலைக் கொஞ்சம் சாய்த்து நடப்பாள், தெரிந்துவிடும். மணி நாலாயிற்று. இவருக்குக் கோபம்கூட வந்தது.

வாஹிதின் மனைவி அஃப்ஷா, ஒரு கிழவியை ஆட்டோவில் ஏற்றிவிட வெளியே வந்தவள், திரும்பும்போது இவரைக் கண்டாள்.

"அண்ணே, சாப்டியளா? யாருக்கு நிக்கிய?"

"ஒம் மைனி வரட்டும்னுதாம்மா. எப்பவும் கடைசியாத்தான வருவா."

அஃப்ஷா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்ணைப் பார்த்த பிறகுதான் ஜமாலின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. பெட்டி அங்கேயே இருந்தது. பீவி உள்ளே இருந்திருந்தால் இது இங்கே இருக்குமா? காலையிலேயே பிடுங்கிக்கொண்டு போயிருப்பாளே.

எட்டு மாதத்துக்கு முன்னால் அழுததைவிட இப்போது அதிகமாக அழுகை வந்தது. அன்றைக்கு வீடு நிறையச் சனம் இருந்தது. இன்றைக்கு நடுத்தெருவில், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார்.

"நான் ஒரு கிறுக்கன்மா. இந்தா, பிள்ளைக்கி அவ வாங்கி வச்சது."

அஃப்ஷா கையை நீட்டவில்லை. "என்ட்ட தராதிய, அண்ணே. பிள்ளய திரைகிட்ட கூட்டியாறேன். உங்க கையால குடுங்க."

திரையின் ஓரம் விலகி ஒரு கை மட்டும் வெளியே வந்தது. முழங்கை வரைக்கும் மருதாணி.

"அஸ்ஸலாமு அலைக்கும், மாமா."

"வ அலைக்கும் ஸலாம். இது மாமி வாங்குனதும்மா. அவளே போடணும்னு இருந்தா."

பெட்டியை அந்த உள்ளங்கையில் வைத்தார். கை உள்ளே போயிற்று. பிறகு சஃப்ரீன் சிரிக்கப் பார்த்து, முடியாமல் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"லூசா இருக்கு மாமா. ரொம்ப லூசு."

"தன் விரல்ல போட்டுப் பாத்துல்லா வாங்கியிருக்கா, கூறுகெட்டவ."

"பரவால்ல மாமா. நூலு சுத்திப் போட்டுக்கிடுதேன். அழிச்சு வேற செய்ய மாட்டேன், மாமி அளவுலயே இருக்கட்டும்."

ஜமால் "சரிம்மா, சரிம்மா" என்றார். பீவியின் வேலை முடிந்துவிட்டது.

மணமகளை மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வாஹித் "வீட்டுக்கு வாங்க மச்சான்" என்று கையைப் பிடித்து இழுத்தான். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி அவனையும் அஃப்ஷாவையும் அனுப்பிவைத்தார். அப்புறமும் அவர் கால்கள் பெண்கள் வாசலுக்கு எதிரேயே நின்றன. முப்பத்தோரு வருஷத்துப் பழக்கம், சொன்னால் கேட்குமா?

வாட்ச்மேன் கொக்கிக் கம்பியோடு வந்தான். உள்ளே விளக்கை அணைத்துவிட்டு, ஷட்டருக்குக் கீழே நின்று, இவருடைய ஆள் யாராவது உள்ளே பாக்கியா என்று கேட்டான்.

"சாச்சா, அந்தர் ஆப்கா கோயி ஹை க்யா?"

பழைய பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வாஹித் அன்றைக்கு விழுங்கியது மாதிரி ஜமாலும் அதை விழுங்கினார்.

"நஹீ பாய்," என்றார். "கோயி நஹீ. பந்த் கர் தோ."

அவன் ஷட்டரை இழுத்து மூடினான். பூட்டுகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு ஜமால் ஆட்டோ நிற்கும் பக்கம் நடந்தார்.