எல்லாருக்கும் கேட்ட சத்தம்

வண்டி கத்துகிறது என்று டிரைவருக்கு முதலில் தெரிந்தது கிடங்கு வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி சொல்லித்தான். "என்னண்ணே, லாரி இப்படிக் கத்துது? உள்ள எலி எதுவும் மாட்டிக்கிச்சா?" என்று கேட்டுச் சிரித்தான். டிரைவரும் சிரித்துவைத்தார். வாசலைத் தாண்டியதும் கண்ணாடியை இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டிக் கேட்டுப் பார்த்தார். எஞ்சினின் தடதடப்பு இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பையன் வேலையில்லாமல் வம்பளக்கிறான் என்று விட்டுவிட்டார்.

வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது அவர் தொழில். சொந்த லாரி. கட்டில், பீரோ, கண்ணாடி மேஜை எதுவானாலும் கீறல் விழாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்று பெயர். மறுநாள் ஒரு வீட்டின் முன்னால் வண்டியை நிறுத்தியபோது, அந்த வீட்டம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். "முதல்ல அதை ஆஃப் பண்ணுங்க. குழந்தை இப்பத்தான் தூங்குது."

அவரோடு வரும் சுமையாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். "நானும் ஒரு வாரமா சொல்லிக்கிட்டே வரேன். செவிடன் காதுல ஊதின சங்குதான்" என்றான்.

பேச்சுவாக்கில் சொன்னதுதான். ஆனால் டிரைவர் திரும்பி அவனையே பார்த்தார். ஒரு வாரமாகச் சொன்னானா? பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டா சொன்னான்?

அன்று பீரோவைத் தூக்கும்போதும் இறக்கும்போதும் அவருக்கு இதே நினைவு. போன் அடிப்பதை இப்போதெல்லாம் சட்டைப்பையில் அது துடிப்பதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறார். டிவியைக் குறைக்கச் சொல்லி மகள் சண்டை போடுகிறாள். சாப்பிடும்போது மனைவி ஏதாவது சொன்னால் "ம்" என்கிறார், அவள் முறைத்தால் "இல்ல" என்று மாற்றிச் சொல்கிறார். இந்தக் காலத்தில் எவன் வாயைத் திறந்து பேசுகிறான், எல்லாரும் முணுமுணுக்கிறார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

அடுத்த மாதம் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். கண்ணையும் காதையும் பார்த்து டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் ஆகும். காது போனால் ஸ்டியரிங்கும் போச்சு. அதை விட்டால் அவருக்கு வேறு வேலையும் தெரியாது, வேறு வேலை மேல் ஆசையும் கிடையாது.

லாரிக்குத் தலைவலி என்றால்கூட மனைவியின் தம்பியிடம்தான் கொண்டுபோவார். அவன் பட்டறை வைத்திருக்கிறான். ஆனால் இந்தத் தடவை அங்கே போகக் கால் வரவில்லை. மச்சினன் கெட்டிக்காரன், ரெண்டு கேள்வியில் கண்டுபிடித்துவிடுவான். அவன் வாய்க்குப் போனது அக்கா காதுக்குப் போகாமல் இருக்காது.

அதனால் சுமையாளிடமே தூண்டில் போட்டார். "சத்தம் எங்கிருந்து வருது, சொல்லு பார்ப்போம். உனக்கு வண்டி ஞானம் எவ்வளவுன்னு பார்க்கலாம்."

அவன் பானெட்டுக்குள் தலையை விட்டு, பெல்ட் ஓடும் பக்கத்தைக் காட்டினான். பெல்ட் புதுசு. அப்படியென்றால் அதை இழுத்துப் பிடித்திருக்கும் டென்ஷனர்தான் என்று டிரைவர் முடிவு கட்டினார்.

உதிரிபாகக் கடைக்காரர் சும்மா எடுத்துக் கொடுத்திருக்கலாம். "சத்தம் எப்படி வருது? கீச்சுன்னா, கரகரன்னா?" என்று கேட்டார்.

டிரைவர் மேஜையில் கிடந்த போல்ட் ஒன்றை எடுத்து உருட்டினார். "ரெண்டும்தான்."

"ஸ்டார்ட் பண்ணதுமா, சூடானப்புறமா?"

"அது... எப்பவும்தான்."

கடைக்காரர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். "பேரே டென்ஷனர். நீங்க அதைவிட டென்ஷனா இருக்கீங்களே!" என்று சொல்லிப் பெட்டியை நீட்டினார். மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் டிரைவர் நடையைக் கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தி வேலையைத் தொடங்கினார். நீளக் கம்பியை டென்ஷனரின் கையில் மாட்டி நெம்பி, பெல்ட்டைத் தளர்த்திக் கழற்றினார். நடு போல்ட்டை எடுத்ததும் பழைய டென்ஷனர் கையோடு வந்தது. அதன் புல்லியை, பெல்ட் உருளும் அந்தச் சின்னச் சக்கரத்தை, விரலால் சுற்றிப் பார்த்தார். லேசாகச் சொரசொரத்தது. உயிர் வந்தது அவருக்கு. பார்த்தாயா, இதுதான்! காது கேட்காவிட்டால் என்ன, விரல் சொல்கிறதே. புதியதன் முதுகிலிருந்த முளையை ஓட்டையில் பொருத்தி, போல்ட்டை முறுக்கி, பெல்ட்டை ஒவ்வொரு புல்லியாகச் சுற்றி மாட்டிவிட்டு, கம்பியை மெதுவாகத் தளர்த்தினார். கை சுத்தமாக வேலை செய்தது.

நிமிர்ந்தபோது, யாரும் வந்துவிடக் கூடாதே என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், மச்சினன் பைக்கில் வந்து இறங்கினான். அக்காவைப் பார்க்க வந்தானாம்.

"என்ன மாமா, பட்டறைக்கே வராம? நான் செத்தா போயிட்டேன்?"

"சின்ன வேலை மாப்ள. டென்ஷனர். மாட்டியாச்சு." சொல்லிக்கொண்டே ஏறிச் சாவியைத் திருப்பினார். சத்தத்தைக் கேட்க முடியாதவர், முகங்களைத்தான் பார்த்தார். மனைவி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மச்சினன் கீழே கிடந்த பழைய டென்ஷனரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் காதைப் பொத்தவில்லை. போதும். இறங்கி வந்து, பானெட்டைத் தட்டி, "பாத்தியா! இப்ப பூனைக்குட்டி மாதிரி இருக்கு" என்றார், உரக்க.

மச்சினன் நிமிர்ந்து பார்த்தான். எதிர்வீட்டு ஜன்னலை யாரோ படாரென்று அடித்துச் சாத்தியது மட்டும் அவர் கண்ணில் பட்டது.

"சத்தம் போகலையே, மாமா" என்றான் மச்சினன் மெதுவாக. அவன் உதட்டைப் பார்த்துத்தான் அவருக்குப் புரிந்தது.

"புதுசுல்ல... கொஞ்சம் ஓடினா சரியாயிடும்."

மச்சினனின் பார்வை அவர் தோளைத் தாண்டி எங்கோ போய் நின்றது. அவன் முகம் மாறியது. பின்னால் யாரோ பேசியிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தது. திரும்பினார். மனைவி ஒரு கை தூரத்தில் நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"என்ன சொன்ன?"

"மூணு தடவை கூப்பிட்டேங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இனி வழியில்லை. டிரைவர் வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டார். எண்ணெய்க் கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். "எனக்குக் கேக்கலடி. எத்தனை நாளாவோ கேக்கல. லைசென்ஸ் போயிடும்னு பயம். உன்கிட்ட சொன்னா நீயே சாவியை ஒளிச்சு வெச்சிடுவேன்னு பயம்."

"ஒளிச்சுத்தான் வெச்சிருப்பேன்" என்றாள் அவள். அழுகிறாளா, திட்டுகிறாளா என்று தெரியாத முகம். "பின்னால ஒருத்தன் ஹாரன் அடிச்சா என்னாகும்? உங்களை நம்பித்தானே நானும் பிள்ளையும் பக்கத்துல ஏறி உட்கார்றோம்?"

அவர் ராத்திரி பகலாகப் பயந்ததெல்லாம் லைசென்ஸுக்கு. இதற்கல்ல.

மச்சினன் கருவிப் பெட்டியிலிருந்து நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வந்தான். "எந்திரிங்க மாமா. கத்துற இடத்தை முதல்ல பிடிப்போம்." எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பெல்ட்டில் படாமல், டென்ஷனருக்கு மேலே சும்மா சுற்றும் சின்னப் புல்லியின் நடு போல்ட்டில் முனையை வைத்தான். பிடியை அவர் காதுக்குப் பின்னாலிருந்த எலும்பில் அழுத்தினான்.

டிரைவர் திடுக்கிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். மண்டைக்குள் யாரோ மணலை அரைத்தது போல இருந்தது. "கேக்குதுடா! கரகரன்னு... ஐயோ, இவ்வளவு சத்தமா?"

"இந்தப் புல்லியோட பேரிங்தான் போயிருக்கு. டென்ஷனர் பாவம்" என்றான் மச்சினன். பிறகு அக்காவைப் பார்த்து, "எலும்பு வழியா கேக்குதுன்னா உள்ள முழுசா போயிடலக்கா. டாக்டர்தான் சொல்லணும், எனக்கு லாரி காதுதான் தெரியும்" என்றான்.

சாவி அன்றைக்கே மனைவியின் கைக்குப் போனது. டாக்டரைப் பார்க்கும் வரை டிரைவர் பஸ்ஸில்தான் போனார். வந்த இரண்டு சவாரிக்கும் மச்சினன் லாரியை ஓட்டினான். அந்த நாட்களில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. வலது காதில் பாறையாய் இறுகிக் கிடந்த அழுக்கை டாக்டர் எடுத்துவிட்டார். அந்தக் காது ஏறக்குறைய திரும்பி வந்தது. இடது காது வராது என்றார். அதற்கு ஒரு கருவி கொடுத்தார். மாட்டிக்கொண்டு ஓட்டலாம், வருஷத்துக்கொரு முறை வந்து காட்ட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். இடது காது வராது என்ற சொல்லில் டிரைவர் அங்கேயே நின்றுவிட்டார். மனைவிதான் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள்.

புதுப் புல்லி மாட்டிய லாரி வெளியே நின்றது. மச்சினன் இறங்கிச் சாவியை நீட்டினான். மனைவி பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். முதல் திருப்பத்திலேயே டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். முகம் வெளுத்திருந்தது.

"ஏதோ டக்கு டக்குனு அடிக்குது. உனக்குக் கேக்குதா?"

அவள் உன்னிப்பாகக் கேட்டாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது இண்டிகேட்டருங்க."