இரண்டாவது ரத்தம்

சர்க்கரைத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சுக்கான் டம்ளரைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினான். ஒரு சொட்டுகூட விழவில்லை.

"போதுமா சிஸ்டர்?"

கட்டின மனைவியை அவன் சிஸ்டர் என்று கூப்பிட்டதில் வகுப்பறையே சிரித்தது. நர்ஸான அவள் சிரிக்கவில்லை. கோபம் உச்சிக்கு ஏறினால்தான் அவன் அப்படிக் கூப்பிடுவான். தீவுக்கும் அக்கரைக்கும் நடுவே ஓடும் பயணிகள் படகை ஓட்டுகிறவன். சுக்கானைப் பிடித்துப் பிடித்து, அதுவே அவன் பெயராகிவிட்டது. வெறும் வயிற்றில் எடுத்த அவன் ரத்தம் ஏற்கெனவே ஐஸ் பெட்டிக்குள் போயிருந்தது. இனி இரண்டு மணி நேரம் இங்கேயே உட்கார வேண்டும். அதற்குப் பிறகு எடுக்கும் ரத்தத்துக்காகத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள்.

விடுமுறை என்பதால் இந்த ரத்தப் பரிசோதனைக்குப் பள்ளிக்கூடத்தைக் கொடுத்திருந்தார்கள். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி, முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அக்கரையிலிருந்து வந்த ஆராய்ச்சி டாக்டரம்மா ஜன்னலருகே ஒரு முதியவரிடம் உறவுமுறை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"அம்மா வழியில மாமா. அப்பா வழியில சித்தப்பா."

"ஒரே ஆளா?"

"நாலு குடும்பம் வந்து இறங்கின தீவும்மா. இங்க யாரைத் தடுக்கி விழுந்தாலும் சொந்தக்காரன்தான்."

அதற்காகத்தான் டாக்டரம்மா வந்திருக்கிறாள். நாலு குடும்பத்துக்குள்ளேயே கொண்டும் கொடுத்தும் வந்ததில் ஒரு மரபணுக் கோளாறு இங்கே பலருக்குள் தங்கிவிட்டது என்பது அவள் சந்தேகம். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் சேர்ந்து வந்தால், சாப்பிட்டதும் சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கிவிடும், தசை வாங்கிக்கொள்ளாது. காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கிளினிக்கில் இத்தனை வருஷமாக நர்ஸ் காலையில்தான் பார்த்திருக்கிறாள். சுக்கானின் அண்ணனுக்கும் அப்படித்தான் பார்த்து, "ஒண்ணுமில்லை, நல்லா இருக்கீங்க மச்சான்" என்று அனுப்பிக்கொண்டே இருந்தாள். அவர் கண் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது.

இப்போது இவன் மதியம் சாப்பிட்டால் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகுகிறான். ராத்திரி குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறான். போன வாரம் பகல் வெளிச்சத்தில், ஆட்கள் நிறைந்த படகைத் துறைமேடைத் தூணில் கொண்டுபோய் இடித்தான். நீரோட்டம் என்றான். அன்றைக்குக் கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது.

இதே சோதனையை முதல் தடவை நடத்தியபோது அவனுக்கு எல்லாம் சரியாகவே வந்தது. அவனுக்கு மட்டுமில்லை, ஆண்கள் முக்கால்வாசிப் பேருக்கும். டாக்டரம்மா கணக்கு உதைக்கிறதே என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டாள். நர்ஸ்தான் சொன்னாள்: அன்றைக்கு இடையில் காற்று திரும்பி, கரையில் மணி அடித்தது. மணி அடித்தால் கேட்டவன் எல்லாம் ஓடிப்போய்ப் படகுகளை மேலே இழுக்க வேண்டும். ஆண்கள் ஓடிப்போய் இழுத்துவிட்டு, காலில் மணலோடு வந்து சமர்த்தாக உட்கார்ந்துகொண்டார்கள். உட்கார்ந்திருக்கச் சொன்னது டாக்டரம்மா. மணி அடித்தது கடல். இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று யாரும் வாயைத் திறக்கவில்லை.

"வேலை செஞ்சா தசை வேற வழியில சர்க்கரையை இழுத்துக்கும். அந்த ரத்தம் செல்லாது" என்று சொல்லி, டாக்டரம்மா எல்லாரையும் மறுபடி வரவழைத்துவிட்டாள்.

"காட்டிக் கொடுத்துட்ட இல்ல?" சுக்கான் மெதுவாகக் கேட்டான். அவள் அவன் பஞ்சை மாற்றக் குனிந்திருந்தாள். "நல்லா வந்துச்சு. அதோட விட்டிருக்கலாம்."

"உங்க அண்ணனுக்கும் நல்லாத்தான் வந்துச்சு."

"அவரை இழுக்காத. சர்க்கரைன்னு தெரிஞ்சா மறுநாளே என்கிட்ட இருந்து படகை வாங்கிடுவாங்க. அப்புறம் நான் என்ன, உன் கிளினிக்குல கூட்டிப் பெருக்கவா?"

"நம்ம பொண்ணு தினம் அந்தப் படகுலதான் காலேஜுக்குப் போறா."

பக்கத்து பெஞ்சில் இருந்த, ஊரே பீப்பாய் என்று கூப்பிடும் படகுக்காரன் தொப்பையைத் தடவியபடி, "பாயசத்தைக் கொடுத்து ஜெயில்ல போட்ட கதையா இருக்கு. குடும்பச் சண்டையாவது கொஞ்சம் சத்தமாப் போடுங்க, பொழுது போகும்" என்றான்.

யாரோ சிரிக்கத் தொடங்கும்போதே ஜன்னல் கதவு படாரென்று அடித்துக்கொண்டது. மேஜைமேல் இருந்த பஞ்சு உருண்டைகள் தரையில் ஓடின. எல்லாரும் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கினார்கள். மணி சத்தம் வந்தது.

பீப்பாய் எழுந்துவிட்டான். அவனுக்குப் பின்னால் மற்றவர்கள். "ஐயோ, உட்காருங்க, இன்னும் கொஞ்ச நேரம்தான்!" என்ற டாக்டரம்மாவின் குரலைப் பெஞ்சுகள் தரையில் தேய்ந்த சத்தம் விழுங்கிவிட்டது. வாசலுக்கு முதலில் போய் நின்றது நர்ஸ். அவர்களுக்கு வழி விட்டாள். சுக்கானுக்கு விடவில்லை.

"தள்ளு."

"உக்காருங்க."

"மணி அடிக்குதுடி. நான் போகலேன்னா ஊரு காறித் துப்பும். முன்கயிறு என் கயிறு."

"நீங்க போனா இந்த ரத்தமும் நல்லா வரும். அதுக்குத்தானே எழுந்தீங்க?"

அவன் முகம் மாறியது. அடிக்கக் கை ஓங்கினவனைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தான். மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவனைப் பிடித்துவைக்க அவளிடம் பலம் கிடையாது. மணி இன்னும் கொஞ்ச நேரம் அடித்தால் அவன் தோளால் இடித்துக்கொண்டு போய்விடுவான்.

அவள் கையுறைகளைக் கழற்றி அவன் சட்டைப் பைக்குள் திணித்தாள்.

"உங்க கயித்தை நான் இழுக்கறேன். மேடம், நேரம் ஆனதும் இவர் ரத்தத்தை நீங்களே எடுத்துடுங்க. இவர் இங்க இருந்தா."

திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். மணல் செருப்பை இழுத்தது. அதை உதறிவிட்டு ஓடினாள். கரையில் முதல் படகு அலையில் பக்கவாட்டாகச் சாய்ந்துகொண்டிருந்தது. முன்கயிற்றை யாரும் தொட்டிருக்கவில்லை. அது அவனுக்காகக் கிடந்தது. அவள் குனிந்து எடுத்தபோது பீப்பாய் வாயைப் பிளந்தான்.

"என்னம்மா இது? அவன் எங்க?"

"நான் வந்திருக்கேன்ல? இழுங்கண்ணே!"

யாரோ குரல் கொடுக்க, எல்லாரும் சாய்ந்தார்கள். ஈரக் கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு வழுக்கியது. படகு ஒரு முழம் ஏறியது. அலை அதை அரை முழம் திரும்ப வாங்கிக்கொண்டது. மறுபடி சாய்ந்தபோது அவள் தலை தானாகப் பள்ளிக்கூடத்தின் பக்கம் திரும்பியது. பறக்கும் மணலுக்கு அந்தப் பக்கம், திறந்த கதவுக்கு நடுவில் அவன் நின்றுகொண்டிருந்தான். ஒரு கால் படியில் இருந்தது. கைகள் இரண்டும் நிலைச்சட்டத்தைப் பிடித்திருந்தன. புயலில் சுக்கானைப் பிடிக்கிறவன் போல.

"இழு!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவள் கண்ணை எடுக்காமல் இழுத்தாள்.