எலி இவ்வளவு நேராகக் கடிக்காது

திங்கட்கிழமை காலையில் ஏழாம் நம்பர் பஸ்ஸின் சீட்டுகளைக் கழற்றித் தரையில் கவிழ்த்துப் போட்டபோது நூலு முதலில் திட்டியது எலியைத்தான்.

நூலு என்பது அவர் பெயரில்லை. பள்ளிக்கூட பஸ்கள் நிற்கும் அந்த ஷெட்டில் இருபது வருடமாகச் சீட்டுத் தைக்கிறார். ஆளும் நூல்போல இருப்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி.

பெண் பிள்ளைகள் உட்காரும் இடது பக்கத்தில் ஒன்பது சீட்டிலும் ஒரே கதை. பின் ஓரத்தில் ரெக்சின் ஆணி விட்டுப்போன இடத்தில் கை நுழைகிற ஓட்டை. உள்ளே ஃபோம் உள்ளங்கை நீளத்துக்குக் காணோம். வலது பக்கம், பையன்கள் சீட்டில், பேனாக் கிறுக்கலும் ஒட்டிப்போன சூயிங்கமும் தவிர ஒரு குறையும் இல்லை.

"என்னண்ணே, உங்க வண்டி எலி பொம்பளப் பிள்ளைங்க சீட்டை மட்டும்தான் திங்குமா?" என்று டிரைவரிடம் கேட்டார்.

"அதுங்கதான் பிஸ்கட் தூளைச் சிந்துதுங்க. பசங்க சிந்துறதுக்கு எங்க மிச்சம் வைக்கிறானுங்க?" டிரைவர் டயரை உதைத்துப் பார்த்தபடி சொன்னார். "என் பொண்ணு கடைசி சீட்டுலதான் உக்கார்றா. அவ பையை எலி கடிச்சுதுன்னா நீதான் புதுசு தைச்சுத் தரணும், சொல்லிட்டேன்."

நூலு ஓட்டைக்குள் விரலை விட்டுத் தடவினார். எலி கடித்தால் ஃபோம் பிய்ந்து தூளாக உதிரும். இது ஸ்கேல் வைத்து அறுத்ததுபோல் வழவழவென்று இருந்தது. எலி இவ்வளவு நேராகக் கடிக்காதே என்று ஒரு நொடி கை நின்றது. அதற்குள் மேனேஜர் ஜன்னலிலிருந்து, "நாலு மணிக்கு வண்டி வெளிய போகணும், நூலு! சீட்டுக்குத் தாலாட்டா பாடறே?" என்று கத்தினார். நினைப்பு அதோடு போயிற்று.

ஓட்டைகளில் புது ஃபோம் வைத்து அடைத்தார். மூட்டைப்பூச்சிக்கும் எலிக்கும் இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற கைவைத்தியம் ஒன்று உண்டு. வயலுக்குப் போடும் பூச்சிமருந்துத் தூளை ஃபோமில் தேய்த்துவிடுவார்கள். மேலே ரெக்சின் இருப்பதால் உட்காருபவர் உடம்பில் படாது. வழக்கமாக ஒரு சிட்டிகைதான். அன்று எரிச்சலில், மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, கைப்பிடி கைப்பிடியாகத் தேய்த்தார். ஆணி தீர்ந்திருந்தது. வந்ததும் அடிக்கலாம் என்று ரெக்சின் ஓரத்தை மடித்துச் செருகினார்.

"இப்போ தின்னு பாரு," என்றார், எலியிடம்.

வெள்ளிக்கிழமை காலை, ஏழாம் நம்பர் பஸ் பள்ளிக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது என்று ஷெட்டுக்குச் செய்தி வந்தது. டிரைவரின் மகள் வாயில் நுரை தள்ளக் கடைசி சீட்டிலிருந்து சரிந்து விழுந்திருக்கிறாள். மற்றப் பிள்ளைகளை வழியில் இறக்கிவிட்டு, அலறிக்கொண்டே வண்டியை ஓட்டிப் போயிருக்கிறார் மனிதர்.

"பூச்சிமருந்தைக் குடிச்சிடுச்சாம்," என்றான் மெக்கானிக்.

"பதினாலு வயசுல அப்படி என்ன வந்துச்சு?"

"வேற என்ன? எவனாவது ஒருத்தன் இருப்பான்."

நெருப்பில்லாமல் புகையாது என்று யாரோ தலையாட்டினார்கள். பத்து நிமிடத்தில் அந்த எவனோ ஒருவனுக்கு மீசையும் சைக்கிளும்கூட வந்துவிட்டன.

நூலு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். டிரைவர் நடைபாதை பெஞ்சில், மகளின் ஷூ இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி வேலைக்குப் போன இடத்திலிருந்து இன்னும் வந்து சேரவில்லை.

டாக்டரம்மா வெளியே வந்தார். "வயித்தைக் கழுவிப் பார்த்தாச்சு. ஒண்ணுமே இல்ல. ஆனா கண்ணோட கருமணி குண்டூசித் தலை மாதிரி சுருங்கிக் கிடக்கு, வேர்த்துக் கொட்டுது. பூச்சிமருந்துதான், சந்தேகமே இல்ல. மருந்து ஏத்தினா தெளியறா. அரை மணி கழிச்சுத் திரும்ப சரியறா. எங்கிருந்தோ உள்ள போயிட்டே இருக்கு. வீட்டுல ஏதாவது சண்டையா?"

"அவளை நான் அதட்டினதுகூட இல்லம்மா."

டிரைவர் உள்ளே போய்க் குனிந்தார். "உண்மையைச் சொல்லிடு கண்ணு. அப்பா எதுவும் கேக்கமாட்டேன்."

"குடிக்கலப்பா," என்று அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு கையாலும் போர்வையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பூச்சிமருந்து என்றதும் நூலுவுக்குத் தான் தேய்த்த தூள் நினைவுக்கு வந்தது. ஆனால் அது ரெக்சினுக்கு அடியில் அல்லவா இருக்கிறது? அதே பஸ்ஸில் போய் வழியில் இறக்கிவிடப்பட்ட தன் மகள் வீடு சேர்ந்தாளோ என்னவோ என்று சொல்லிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

மகள் வீட்டில்தான் இருந்தாள். பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"அப்பா, கடைசி சீட்டுல நீங்க ஏதாவது வச்சீங்களா?"

"எலிக்கு மருந்து தேய்ச்சேன். ஏன்?"

அவள் அவசரமாகப் பையை இறக்கிக் கீழே வைத்தாள்.

"அது எலி இல்லப்பா. நாங்கதான்."

"நீங்கன்னா?"

"பஸ்ல வர்ற பிள்ளைங்க எல்லாரும். ஃபோமை முன்னாடியே வெட்டிப் பையில வச்சுக்குவோம்." எச்சில் விழுங்கினாள். "பீரியட்ஸ் வந்தா வைக்கிறதுக்கு."

காதில் விழுந்தது, ஏறவில்லை. அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி மகளிடம் திரும்பினாள்.

"துணி குடுத்தேனேடி உனக்கு!"

"மூணு துணிம்மா. யாரும் பார்க்கக் கூடாதுன்னு கதவுக்குப் பின்னால காயப்போடறே. காயவே மாட்டேங்குது. ஈரத்துணியை வச்சுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் எப்படி உக்கார்றது?"

"ஸ்கூல்லதான் பேடு வாங்கி வச்சிருக்காங்களே," என்றாள் மனைவி.

"பீரோ நிறைய இருக்கு. சாவி ஹெட்மாஸ்டர் மேஜையில. நாலு சார் உக்காந்திருக்கிற ரூமுக்குப் போயி, எதுக்குன்னு நோட்டுல எழுதிட்டு வாங்கணும். போன வருஷம் ஒருத்தி போனா. பசங்க அவளை இன்னிக்கு வரைக்கும் 'பீரோ'ன்னுதான் கூப்பிடறானுங்க. அப்புறம் யாருமே போகல. யாரும் வரலன்னதும், இங்க தேவையில்லன்னு மேல ஆபீசுக்கு எழுதி அனுப்பிட்டாங்க."

"எதால வெட்டினீங்க?" என்றார் நூலு.

அவள் பையின் அடியிலிருந்து காகிதம் சுற்றிய ஒன்றை எடுத்து வைத்தாள். ஆறு மாதத்துக்கு முன் தொலைந்துபோன அவருடைய ஃபோம் அறுக்கும் பிளேடு. அதற்காக ஷெட்டில் பாதிப் பேரிடம் சண்டை போட்டிருந்தார்.

"என் தொழிலே இதுதானே. ஃபோம் வேணும்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டா எதுக்குன்னு கேப்பீங்களேப்பா," என்றாள்.

டாக்டரம்மா சொன்னது அப்போதுதான் உறைத்தது. எங்கிருந்தோ உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. அந்தப் பிள்ளை போர்வையை இறுக்கிப் பிடித்திருந்ததும் கண்முன் வந்தது. அது இன்னும் அவள் உடம்பில்தான் இருக்கிறது. நீ இப்போ வச்சிருக்கியா என்று மகளிடம் கேட்டு, இல்லை என்று அவள் தலையாட்டியதும் வெளியே ஓடினார்.

சைக்கிளில் எப்படிப் போனார் என்று பிறகு கேட்டபோது அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நடைபாதையில் டிரைவரோடு மேனேஜரும் ஷெட்டு ஆட்கள் நாலைந்து பேரும் இருந்தார்கள். டாக்டரம்மா அறையிலிருந்து அவசரமாக வெளியே வந்தார்.

"டாக்டரம்மா, அந்தப் பொண்ணு… அவளுக்கு… அது வந்து…"

வார்த்தை வரவில்லை. கல்யாணமாகிப் பதினெட்டு வருடம், பதினைந்து வயதில் ஒரு மகள், அந்தச் சொல் மட்டும் ஒரு தடவைகூட அவர் நாக்கில் ஏறியதில்லை. இத்தனை ஆம்பிளைகள், பெற்றவன் வேறு எதிரில். உள்ளே ஏதோ இயந்திரம் கீச்கீச்சென்று அடிக்க ஆரம்பித்தது.

"அவ வச்சிருக்கிறதை எடுத்துடுங்க!" என்று கத்திவிட்டார். "அது சீட்டு ஃபோமு. பீரியட்ஸுக்கு வச்சிருக்கா. அதுல நான் பூச்சிமருந்து தேய்ச்சிருக்கேன்!"

மேனேஜர் கூரையைப் பார்த்தார். பின்னால் வந்த நர்ஸின் கையிலிருந்த தட்டு தரையில் விழுந்து உருண்டது.

"ஐயோ, நான் பார்த்தேனே!" என்றாள். "யூனிஃபார்ம் எல்லாம் மாத்தி உடம்பைத் துடைச்சேன். அதை மட்டும் தொடாதீங்கக்கான்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சுச்சு. பாவம், கூச்சப்படுதேன்னு விட்டுட்டேன்."

டாக்டரம்மாவும் அவளும் உள்ளே ஓடினார்கள். கதவு சாத்திக்கொண்டது.

கால் மணி நேரம் கழித்து டாக்டரம்மா ஒரு ஸ்டீல் தட்டோடு வந்தார். சிவந்து ஊறிய துண்டு. ஆனாலும் நூலுவுக்குத் தெரிந்தது. அவர் திங்கட்கிழமை வைத்த புது ஃபோம்தான். ஓரம் நேராக இருந்தது.

"கழுவி விட்டாச்சு. இனிமே மருந்து நின்னு வேலை செய்யும்," என்றார். "இன்னும் ஒரு மணி நேரம் இப்படியே போயிருந்தா நான் உங்களுக்கு வேற சேதி சொல்லியிருப்பேன்."

டிரைவர் எழுந்து வந்து நூலுவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். அடிக்கப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நூலுவும் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். பிடி தானாகத் தளர்ந்தது.

"எலின்னு நானும்தானேடா சொன்னேன்," என்றார். பிறகு, "சோப்பு, சீப்பு, பென்சில்னு எது கேட்டாலும் வாங்கிட்டு வந்திருக்கேன். இதை ஏன் என்கிட்ட கேக்கல?"

"என் பொண்ணும்தான் கேக்கல அண்ணே." நூலு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நான் மருந்து தேய்ச்சது ஒரு சீட்டு இல்ல. ஒன்பது சீட்டு."

டிரைவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

"முன்னாடியே வெட்டிப் பையில வச்சுக்குவாங்களாம். யார் யார்கிட்ட இருக்கோ, யார் யார் இப்போ…"

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "எல்லா வீட்டுக்கும் போன் போட்டுச் சொல்லிடறேன். சீட்டுல மருந்து அடிச்சிருக்கு, பிள்ளைங்க கையை நல்லாக் கழுவணும்னு."

"கையையா?" என்றார் நூலு.

"போன்ல அதையெல்லாம் எப்படிய்யா சொல்றது? வீட்டு ஆம்பளைங்க எடுப்பாங்க."

டிரைவர் மேனேஜரைத் தாண்டி நடந்தார். அப்போதுதான் மூச்சிரைக்க வந்து சேர்ந்த மனைவியிடம் ஷூக்களைக் கொடுத்துவிட்டு பஸ் சாவியை எடுத்தார்.

பன்னிரண்டரை மணி வெயிலில் ஏழாம் நம்பர் பஸ் முதல் ஸ்டாப்பில் போய் நின்றது. பள்ளி பஸ் வருகிற நேரமே இல்லை. ஹாரன் விடாமல் அலறியதில் வீடுகளிலிருந்து ஆட்கள் பதறி வந்தார்கள். காலையில் திரும்பி வந்த பிள்ளைகள் அம்மாக்களின் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். "பொண்ணு எப்படி இருக்கு?" "குடிச்சது நிஜமா?" என்று நாலு பக்கமும் கேள்வி.

டிரைவர் படியில் நின்றார். தானே சொல்லிவிட நூலு முன்னால் வந்தார். டிரைவர் அவரைக் கையால் தடுத்தார்.

"என் பொண்ணு எதையும் குடிக்கல. பீரியட்ஸுக்கு வைக்க அவகிட்ட ஒண்ணும் இல்ல," என்றார். குரல் உடைந்தாலும் கடைசி ஆள்வரை கேட்டது. "இந்த சீட்டுலேர்ந்து ஃபோமை வெட்டி வச்சுக்கிட்டா. அதுல விஷம் இருக்கு. யார் எடுத்திருந்தாலும் குடுத்துடுங்கம்மா. வச்சிருந்தா இப்பவே கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. யாரும் திட்டமாட்டாங்க. திட்டறவன் என்கிட்ட வரட்டும்."

கூட்டத்தில் ஒருத்தர், "பொம்பளைங்க சமாச்சாரத்தை நடுத்தெருவுல…" என்று ஆரம்பித்தார். அவருடைய மகள் அவரைத் தாண்டி வந்து, நோட்டுக் காகிதத்தில் சுற்றிய ஒரு துண்டைப் படியில் வைத்தாள். அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

இன்னொருத்தி வந்தாள். இரண்டு அக்கா தங்கைகள் வீட்டுக்குள் ஓடிப்போய் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்தார்கள். பிறகு, அந்தத் தெருவிலிருந்து வந்து தினமும் வண்டியைப் பெருக்குகிற அம்மா, நாற்பது வயசுக்காரி, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு மெல்ல வந்து இடுப்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து வைத்தாள்.

"நானும்தான் தம்பி," என்றாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

படியில் ஐந்து துண்டுகள் கிடந்தன. எல்லாமே நேராக வெட்டியவை. நூலு அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏறு," என்றார் டிரைவர். "இன்னும் ஏழு ஸ்டாப் இருக்கு."

வண்டி தெருமுனை திரும்புவதற்கு முன்பே அவர் கை மறுபடியும் ஹாரனுக்குப் போயிருந்தது.