வீட்டில் எத்தனை பேர்?

இந்த வருஷம் அறுவடை ஞாயிற்றுக்கு வீட்டுக் கதவைத் திறந்து வைக்கப் போகிறேன் என்று இஸ்மே சொன்னதும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"உனக்கென்ன மூளை குழம்பிப்போச்சா?" என்றேன்.

அவள் நண்டுகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"பையன் வந்துட்டான், யூட்ரிஸ் அக்கா. அவன் இந்த ஊர்ல இருக்கலாமா கூடாதான்னு எனக்குத் தெரியணும். ஒருத்தராவது உள்ள வந்து உக்காந்து அவன் கையால ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டா இருக்கட்டும். யாரும் வரலேன்னா திங்கக்கிழமை கப்பல்ல டிரினிடாடுக்கு அனுப்பிடறேன். அங்க என் தம்பி இருக்கான். அப்புறம் இந்தப் பக்கமே வர வேண்டாம்."

முந்தானை மாதிரி இழுத்துக் கட்டியிருந்த ஏப்ரனை இன்னும் இறுக்கிக்கொண்டு, நானும் ஒரு நண்டை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன்.

எங்கள் டொபாகோ தீவில் அறுவடை ஞாயிறு என்றால் ஊர் மொத்தத்துக்கும் விசேஷம். காலையில் மெதடிஸ்டு ஆலயத்தில் ஆராதனை. பலிபீடத்தைச் சுற்றி வாழைத்தாரும் வள்ளிக்கிழங்கும் தேங்காயும் குவிந்திருக்கும், இருக்கைகளின் ஓரமெல்லாம் கரும்பு கட்டியிருக்கும். மறுநாள் அதையெல்லாம் விற்று, படுக்கையில் கிடக்கிற பெரியவர்களுக்கு மருந்தும் பாலும் வாங்குவோம். ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு வீடு கதவு திறக்கும். அழைப்புக் கிடையாது. சபைக்காரனோ ரம் கடையில் கிடக்கிறவனோ, திறந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்தால் தட்டு வரும். தட்டை எடுத்து வந்து தருவது அந்த வீட்டுப் பிள்ளைகளின் வேலை. கிளம்பும்போது அதே பிள்ளைகள், "வீட்டுல எத்தனை பேர்?" என்று கேட்பார்கள். சொல்கிற கணக்குக்குப் பொட்டலம் கட்டித் தருவார்கள். ஹாலிஸ் குவாஷி கல்யாணமே ஆகாதவன், தனிக்கட்டை. வருஷா வருஷம் வெட்கமே இல்லாமல் "ஏழு பேர்" என்பான். ஏழு பொட்டலமும் கட்டிக் கொடுப்போம். கேட்காமல் யாரையும் அனுப்பக் கூடாது. பேச்சு வந்த நாளிலிருந்து எங்கள் பிள்ளைகளின் வாயில் ஊறிப்போன கேள்வி அது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அறுவடைக்கு முந்தின நாள், இஸ்மேயின் மகன் கெரான் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிச் சபைக்குக் கிழங்கு சேர்த்துக்கொண்டு வந்தான். யாரும் கூலி கொடுக்கவில்லை, தன் வண்டியில் தானாகவே செய்த வேலை. கிழங்கு கொடுத்த வீடுகளில் ஆளுக்கு ஒரு வாய் ரம்மும் ஊற்றிக் கொடுத்தார்கள். மலைச்சரிவு வளைவில் வண்டி அவன் கைக்கு நிற்கவில்லை. மறுநாள் சொல்ல வேண்டிய வசனத்தை ஆலயத்தில் ஒப்பித்துப் பார்த்துவிட்டு ஷெனிஸ் அந்த வழியாக வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள். மேட்டு வீட்டு வெல்டாவின் ஒரே பிள்ளை. அப்பன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டான். ஒன்பது வயது அந்தப் பெண்ணுக்கு.

நீதிமன்றத்தில் கெரான் எதையும் மறுக்கவில்லை. ரம் கொடுத்தது யார் என்றும் சொல்லவில்லை. கொடுத்தவர்களும் வாயைத் திறக்கவில்லை. அவன் ஜெயிலுக்குப் போனான், போன மாதம் வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவனும் அம்மாவும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். அந்த வரிசையில் வேறு யாரும் உட்காரவில்லை. அதற்கு முந்தின வரிசையும் காலி. உட்கார இடமில்லாமல் ஓரத்தில் ஆட்கள் நின்றார்கள், ஆனால் அங்கே போய் உட்கார ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. வெல்டா வழக்கம்போல முன்வரிசையில், வெள்ளை உடுப்பில், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பிறருக்குக் கொடுப்பதைப் பற்றித்தான் போதகர் பிரசங்கம் செய்தார். கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மத்தியானம் இஸ்மே கதவை அகலத் திறந்து வைத்தாள். கதவு தானாகச் சாத்திக்கொள்ளக் கூடாது என்று ஒரு கல்லை முட்டுக் கொடுத்தாள். மேஜைமேல் நண்டுக் கறி, டம்ப்ளிங் மாவுருண்டை, வேகவைத்த ஈரப்பலாக்காய், இஞ்சிச் சாறு. கெரான் இஸ்திரி போட்ட சட்டையோடு பின்கட்டு அடுப்படியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கைகளை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தான்.

ஒருத்தரும் வரவில்லை.

தெருவில் கூட்டம் போய்க்கொண்டுதான் இருந்தது. இந்த வீடு வரும்போது மட்டும் எல்லோருக்கும் எதிர்ப்பக்கம் என்னவோ தெரிந்தது. கறியில் ஏடு படிந்தது. இஸ்மே அதைக் கலக்கிவிட்டுச் சூடு பண்ணினாள். மறுபடியும் ஏடு படிந்தது. மூன்றாம் முறை கரண்டியை எடுத்தபோது நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்க அக்கா," என்றாள். "கப்பல் டிக்கெட் எடுத்தாச்சு. எப்படியும் தெரிஞ்சதுதானே."

அதற்குமேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எதிர்வீட்டு முற்றத்துக்குப் போனேன். அங்கே பாட்டும் சிரிப்புமாகப் பத்துப் பதினைந்து பேர் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஹாலிஸும் இருந்தான்.

"அந்த வீட்டுக் கதவு திறந்திருக்கறது உங்க யார் கண்ணுக்கும் தெரியலையா?" என்றேன்.

"கத்தாத யூட்ரிஸ்," என்றான் ஹாலிஸ். "எங்களுக்கு மட்டும் இரக்கமில்லையா? சிஸ்டர் வெல்டா மனசு புண்படுமேன்னுதான் போகல."

"வெல்டா வந்து உன்கிட்ட சொன்னாளா?"

"இதெல்லாம் சொல்லணுமா? நாமளா புரிஞ்சுக்கணும்."

"அடேங்கப்பா! அன்னிக்கு அந்தப் பையனுக்கு ரம் ஊத்தறப்போ இந்தப் புரிஞ்சுக்கற புத்தி எங்கடா மேயப் போச்சு?"

பாட்டை யாரோ நிறுத்தினார்கள். ஹாலிஸ் தட்டைப் பார்த்தான். நான் பதிலுக்கு நிற்கவில்லை, வெல்டாவின் வாயாலேயே கேட்டுவிடுவது என்று மேட்டில் ஏறினேன்.

வெல்டாவின் வீட்டுக் கதவும் திறந்திருந்தது. சத்தியமாக நான் அதை எதிர்பார்க்கவில்லை. வாசல்படியில் துணி போட்டு மூடிய தட்டுகள் மூன்றோ நாலோ இருந்தன. உள்ளே வெள்ளை விரிப்புப் போட்ட மேஜை, அதன்மேல் பெரிய இரும்புப் பானை நிறைய ஆட்டுக்கறி, பக்கத்தில் அடுக்கி வைத்த தட்டுகள். ஒரு தட்டுகூட எடுக்கப்படவில்லை. வெல்டா ஆலயத்துக்குப் போட்டிருந்த அதே உடுப்போடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"வா யூட்ரிஸ். முதல் ஆள் நீதான்."

"நீ கதவைத் திறந்து வெச்சிருக்கறது யாருக்கும் தெரியாதேடி!"

"ஏன் தெரியாது? படி வரைக்கும் எல்லாரும் வராங்க. தட்டை வெச்சுட்டு, 'கர்த்தர் ஆறுதல் தருவார் சிஸ்டர்'னு சொல்லிட்டு ஓடறாங்க. உள்ள வந்தா என் மூஞ்சியப் பாத்து ஏதாவது பேசணுமே. ரெண்டு வருஷமா இப்படித்தான். பிச்சைக்காரிக்கு வெக்கற மாதிரி படியில வெச்சுட்டுப் போறாங்க. கொடுக்கறதெல்லாம் நல்லாத்தான் கொடுக்கறாங்க."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இஸ்மே வீட்டு விஷயத்தை ஒரே மூச்சில் சொன்னேன். எல்லோரும் அவள் பெயரைத்தான் காரணம் சொல்கிறார்கள் என்பதையும் சொன்னேன்.

வெல்டாவின் குரல் உயர்ந்தது. "நானா? நான் யாருகிட்ட சொன்னேன்? என் பேரைச் சொல்லி அந்த வீட்டுப் பானையைக் கெட்டுப்போக விடறதுக்கு இவங்க யாரு?" மேஜை விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அவன் வந்தது தெரியும். காலையில ஆலயத்துல பின்னாடி இருமினான். சின்ன வயசுலேர்ந்து கேட்ட இருமல்தானே. யூட்ரிஸ், நான் அவனை மன்னிக்கல. போதகர் கேட்டுக்கிட்டே இருக்கார். எனக்கு அது வரல. வராததை வந்துடுச்சுன்னு சொல்லிச் சபை நடுவுல நிக்க என்னால முடியாது."

"உன்னை யாரும் கட்டாயப்படுத்தல."

"ஆனா நானும் சமைச்சு வெச்சிருக்கேன், அவளும் சமைச்சு வெச்சிருக்கா. ஊருக்குப் பயந்து ரெண்டையும் குப்பையில கொட்டணுமா?" எழுந்து இரண்டு துணிகளை எடுத்தாள். ஒன்றை என்னிடம் எறிந்தாள். "பானையோட அந்தப் பக்கத்துக் காதைப் பிடி."

எங்கள் ஊரில் அறுவடை நாளில் ஆட்கள்தான் பானையைத் தேடிப் போவார்கள். பானை தெருவில் இறங்கி யாரும் பார்த்ததில்லை. பானையை நடுவில் வைத்து இருவரும் இறங்கினோம். வேறு வழி கிடையாது, அந்த வளைவைத் தாண்டித்தான் போக வேண்டும். வளைவில் வெல்டா நின்றாள். கை வலிக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "நட" என்றாள்.

எதிர்வீட்டு முற்றத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். வெல்டா அவர்களைப் பார்த்துச் சொன்னாள், "ஹாலிஸ், உன் வீட்டு ஏழு பேருக்கும் இன்னிக்குப் பசிக்கலையா?"

இஸ்மே வாசலில் வெளிறிப்போய் நின்றாள். வெல்டா என்னையும் இழுத்துக்கொண்டு நேரே உள்ளே போய் நண்டுக் கறிக்குப் பக்கத்தில் பானையை இறக்கினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பசிக்குது," என்றாள். "இந்த வீட்டுல தட்டு யார் கொண்டு வருவா?"

பின்கட்டிலிருந்து கெரான் வந்து, ஒரு தட்டில் நண்டுக் கறியைப் போட்டு நீட்டினான். குழம்பு தளும்பி வெல்டாவின் வெள்ளை உடுப்பில் சொட்டியது. "ஆன்ட்டி..." என்று ஆரம்பித்தான்.

"பேசாத. தட்டைக் கொடு."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நண்டின் காலை உடைத்தாள். அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. மெல்லும்போதே கண்ணீர் வழிந்தது. அதை அவள் துடைக்கவில்லை, சாப்பிடுவதையும் நிறுத்தவில்லை. ஐயோ, அந்த ஒரு தட்டு சாதாரணத் தட்டா! ஒவ்வொரு வாயும் அவள் தொண்டையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் நின்றோம். ஒரு டம்ப்ளிங்கைக்கூட அவள் மிச்சம் வைக்கவில்லை.

முதலில் உள்ளே வந்தவன் ஹாலிஸ். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, உட்கார இடம் கேட்டான். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். நாற்காலி போதாமல் முற்றத்தில் பலகை போட்டோம். கெரான் தட்டுக்கு மேல் தட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தான். பொட்டலம் கட்டினான். "வீட்டுல எத்தனை பேர்?" "நாலு." "வீட்டுல எத்தனை பேர்?" "ரெண்டு, கறி கொஞ்சம் கூடப் போடு." இஸ்மேயின் முகத்தில் ரத்தம் திரும்பியது.

வெல்டா எழுந்து கிளம்பியது அந்தச் சந்தடியில்தான். கெரான் குனிந்து ஒருவருக்குப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தான். அடுத்த ஆளின் உடுப்பு நிழலாகத் தெரிந்திருக்கும். தலை நிமிராமலே, பழக்கத்தில் கேட்டுவிட்டான்.

"வீட்டுல எத்தனை பேர்?"

பிறகு நிமிர்ந்தான்.

கையிலிருந்த பொட்டலம் கீழே விழுந்தது. "ஐயோ," என்று இஸ்மே சுவரில் சாய்ந்தாள். கெரானின் வாய் கோணியது, ஆனால் அழுகைகூட வெளியே வரவில்லை. போய்விட்டது, எல்லாம் போய்விட்டது என்று நான் நினைத்தேன்.

வெல்டா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒருத்தி," என்றாள். "நான் ஒருத்திதான் இருக்கேன்."

பிறகு சுற்றி நின்ற எங்களையும் பார்த்தாள்.

"இந்த ரெண்டு வருஷத்துல இந்த ஊர்ல ஒருத்தரும் என்கிட்ட இதைக் கேக்கல. எல்லாரும் கேக்காமயே கட்டி, படியில வெச்சுட்டுப் போனாங்க. நானே என் வாயால ஒரு தடவை சொல்லணும்னு இருந்துச்சு. சொல்ல விடல." கெரான் பக்கம் திரும்பினாள். "நீ கேட்டுட்ட. கட்டு. ஒருத்திக்குக் கட்டு."

அவன் கட்டினான். காகிதம் இரண்டு தடவை கிழிந்தது. வெல்டா பொறுமையாக நின்று வாங்கிக்கொண்டாள்.

"அந்தப் பானை இரும்பு. காலியானாலும் கனக்கும்," என்றாள். "தூக்கிட்டு வா."

கெரான் அம்மாவைப் பார்த்தான். பிறகு பானையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். வெல்டா முன்னால் நடந்தாள், அவன் பின்னால் நடந்தான். ஊர் முழுக்க வாசலில் நின்று பார்த்தது. வளைவில் அவள் நின்றாள். அவனும் நின்று, பானையைக் கீழே இறக்கிவிட்டு மண்டியிட்டான். அவள் அவனைத் தொடவில்லை. எழுந்திரு என்றும் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் விட்டுவிட்டும் போகவில்லை, அவன் எழுந்திருக்கும்வரை பொட்டலத்தை மார்போடு பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

"அக்கா," என்று இஸ்மே என் கையைப் பிடித்தாள். "மன்னிச்சுட்டாளா?"

"இல்ல," என்றேன். அந்த நேரத்தில் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அடுத்த வருஷமும் அந்தப் பானையத் தூக்க ஒரு ஆள் வேணும். அந்தக் கப்பல் டிக்கெட்டைக் கொண்டா, நான் அடுப்புல போடறேன்."