வீரமலையின் நெஞ்சளவு

விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் சிந்தாமணி ஓட்டுக் கொட்டகையின் பின்அறையிலிருந்து இரும்புத் தட்டுகளை வெளியே கொண்டுவந்து அடுக்கிக்கொண்டிருந்தான் வீரமலை. பெரியது நான்கு, சிறியது எட்டு, கருங்கல் குண்டு இரண்டு, தேங்காய்நார்ப் பாய் பன்னிரண்டு. மண்ணச்சநல்லூர் அரிசி மில்லில் நெல் மூட்டை தூக்குகிறவனுக்கு இதெல்லாம் ஒரு சுமையா? தேகப்பயிற்சிக் கழகத்தின் மற்ற உறுப்பினர்கள் சைக்கிளைப் பூட்டிவிட்டு உள்ளே வருவதற்குள் முடித்துவிட்டான்.

கொட்டகை பகலில் உர மூட்டை இறக்குகிற இடம். ஏழு மணிக்கு லாரி வந்துவிடும். அதற்குள் இரும்பெல்லாம் பின்அறைக்குத் திரும்பிவிட வேண்டும். எடுத்து வைப்பதும் திருப்பி வைப்பதும் ஆளுக்கொரு நாள் முறை என்று சுவரில் கரியால் எழுதியிருந்தது. சேர்ந்த முதல் நாளே யாரும் சொல்லாமல் வீரமலை தூக்கினான். கீழே ஒன்று கிடந்தால் தோளில் ஏற்றாமல் அவனால் நிற்க முடியாது, பழகிய கை. மறுநாளும் தூக்கினான். மூன்றாம் நாளிலிருந்து முறை என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. யார் எடுக்கப் போகிறார்கள்? சும்மா கிடைக்கிற தோள் யாருக்குக் கசக்கும்?

அவன் அங்கே வந்தது ஒரே ஒரு சென்டிமீட்டருக்காக. போன வருஷம் போலீஸுக்கு ஆள் எடுத்தபோது ஓட்டம், தாண்டல், கயிறு ஏறுதல் எல்லாவற்றிலும் தேறியவன் நெஞ்சளவில் விழுந்தான். மூச்சை இழுத்தால் நெஞ்சு ஐந்து சென்டிமீட்டர் விரிய வேண்டும். அவனுக்கு விரிந்தது நாலு. டேப் பிடித்த ஏட்டு நல்ல மனுஷர்.

"மூட்டை தூக்கித் தூக்கி நெஞ்சு இறுகிப் போச்சுப்பா. எங்கயாவது சேந்து மூச்சு பழகு. அடுத்த வருஷம் வா."

அடுத்த வருஷம்தான் கடைசி. அதற்குப் பிறகு வயது தாண்டிவிடும், மில்தான் கதி. மில்லில் நாற்பது வயதில் முதுகு கூன் விழாத ஒரு ஆளை அவன் பார்த்ததில்லை. அதனால்தான் கொள்ளிடம் பாலத்தையும் காவேரிப் பாலத்தையும் இருட்டோடு தாண்டி, தினமும் சைக்கிள் மிதித்து வந்தான். கிளம்பும்போது மனைவி பொன்னுத்தாய் ஒரு முட்டையை உடைத்து டம்ளரில் ஊற்றி நீட்டுவாள். அவளுக்கு ஐந்து மாதம். அது நர்ஸம்மா அவளைச் சாப்பிடச் சொன்ன முட்டை.

"நீ சாப்புடு புள்ள."

"நீங்க போலீஸாயிட்டா நான் ஒரு கூடை முட்டை திங்கிறேன். இப்ப குடிங்க."

கிளமென்ட் மாஸ்டர் விசில் ஊதினால் இருபது பேரும் ஒன்றாகத் தண்டால் எடுப்பார்கள், ஒன்றாகப் பஸ்கி போடுவார்கள். கடைசிக் கால்மணி நேரம்தான் மூச்சுப் பயிற்சி. ஆறே முக்காலுக்கு எல்லோரும் பாயில் உட்கார, மாஸ்டர் எண்ணுவார். "இழு... ஒண்ணு, ரெண்டு, மூணு... நிறுத்து." அந்த நேரத்தில்தான் இரும்பு உள்ளே போக வேண்டும். பேங்க் கிளார்க்கும் ஜவுளிக்கடைக்காரர் மகனும் கண்ணை மூடி நெஞ்சை விரிக்க, வீரமலை தட்டுகளைத் தோளில் ஏற்றிப் போய்க்கொண்டிருப்பான். சுமை தூக்குகிறவன் மூச்சை அடக்கித்தான் தூக்குவான். விரிக்க வந்த நெஞ்சை அங்கேயும் அவன் இறுக்கிக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் கேட்டே விட்டான். "மாஸ்டர், அந்த மூச்சுதாங்க எனக்கு முக்கியம்."

"உனக்கென்னப்பா, நீ பிறவிப் பயில்வான்! தொந்தி கரையணும்னு இவங்க உக்காந்திருக்காங்க. உனக்கு வர்ற வாரம் தனியா சொல்லித் தரேன்."

சொன்னவர் கெட்டவர் இல்லை, மறந்துவிட்டார். மறுபடி கேட்க வீரமலைக்கு நாக்கு எழவில்லை. மேஸ்திரியிடம் ஒன்றை இரண்டாம் முறை கேட்டுப் பழக்கமில்லாதவன், மாஸ்டரிடம் எப்படிக் கேட்பான்? கேட்டிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ நாள் நினைத்து நினைத்துப் புழுங்கினான்.

ஆள் எடுக்கும் நாள் வந்தது. அதே மைதானம், அதே ஏட்டு. வீரமலை கண்ணில் நீர் முட்டுகிற வரைக்கும் மூச்சை இழுத்தான். ஏட்டு டேப்பைப் பார்த்தார், இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தார்.

"பழகலியாப்பா?"

வீரமலை சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

மறுநாள், இனி வரப்போவதில்லை என்று சொல்லத்தான் கொட்டகைக்குப் போனான். அன்று கழகத்தின் பத்தாம் ஆண்டு விழா. போட்டோக்காரர் வந்திருந்தார். உறுப்பினர்கள் உடம்பில் எண்ணெய் பூசி மினுமினுத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னப்பா ஆச்சு?" என்றார் மாஸ்டர்.

"நாலுதாங்க மாஸ்டர்."

"அடடா. சரி விடு, அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"அடுத்த தடவை இல்லீங்க. வயசு முடிஞ்சுபோச்சு."

மாஸ்டரின் முகம் ஒரு நிமிஷம் வாடத்தான் செய்தது. அதற்குள் போட்டோக்காரர் கூப்பிட்டார். பெஞ்சு போட வேண்டும், வீரமலை போட்டான். பின்னால் கட்டிய நீலத் துணி காவேரிக் காற்றில் ஆட்டம் போட்டது.

"வீரமலை, நீ கொஞ்சம் பின்னால போய் இழுத்துப் பிடிச்சுக்கப்பா. அடுத்த படத்துல நீ முன்னால நிக்கலாம்."

துணிக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் விரித்து ஓரங்களைப் பிடித்துக்கொண்டான்.

"எல்லாரும் மூச்சை நல்லா இழுத்து நிறுத்துங்க!" என்று போட்டோக்காரர் கத்தினார். இருபது நெஞ்சு ஒன்றாக விரிந்தது. துணிக்குப் பின்னால் வீரமலையும் இழுத்து நிறுத்தினான். கூட்டத்தோடு சேர்ந்து அவன் செய்த மூச்சுப் பயிற்சி அது ஒன்றுதான். படம் எடுத்து முடிவதற்குள் உர லாரி வந்து ஹாரன் அடித்தது. அடுத்த படம் எடுக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து, மில்லுக்கு நெல் ஏற்றி வந்த லாரிக்காரரிடம் மாஸ்டர் ஒரு பிரதி கொடுத்தனுப்பியிருந்தார். பொன்னுத்தாய் ஒரு கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். குழந்தை சதைப்பிடிப்பில்லாமல், அவள் முழங்கையளவே இருந்தது. வரிசை வரிசையாக முகங்களைத் தேடினாள்.

"இதுல நீங்க எங்க?"

வீரமலை தவிட்டுத் தூசி படிந்த விரலால் துணியின் ஓரத்தைக் காட்டினான். நீலத் துணி கறுப்பாக விழுந்திருந்தது. அதன் விளிம்பில் நாலு விரல்கள் வெள்ளையாகத் தெரிந்தன.

அவள் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"கை நல்லா விழுந்திருக்கு" என்றாள்.