யாருடைய சொல்

காலை ஆறு நாற்பது ரயில் கோரமண்டல் ஸ்டேஷனை விட்டுப் புறப்பட்டபோது சங்கமித்ரா அப்பாவின் தாடையை வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். தினமும் அவள் பெங்களூருக்கு ஏறும் ரயில்.

பக்கத்து வீட்டு மங்கம்மா கால் பெருவிரல்களைக் கட்டினாள்.

"தூக்கத்துலயே போயிட்டாரு மனுசன். நைட்டு எதுனா பேசினாராடி?"

"பேசினாரு."

சொற்கள் எங்கிருந்து வந்தன என்று ஓர் அகராதிக்கு எழுதுவது அவள் வேலை. அதைப் பற்றிக் கேட்க இந்த ஊரில் அப்பா பெருமாள் ஒருவர்தான் இருந்தார். சாப்பிட்ட கையோடு ஆரம்பிப்பார். "இன்னிக்கு இன்னா சொல்லு?"

நேற்று பின்லாந்துச் சொல். லஸ்தென்தர்ஹா. சின்னப் பிள்ளைகளின் பள்ளி. ஜெர்மன்காரர்கள் அதைப் பிள்ளைகளின் தோட்டம் என்றார்கள்: கிண்டர்கார்டன். இங்கிலீஷ்காரர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பின்லாந்துக்காரர்கள் பிள்ளைகளுக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று என்று தங்கள் சொற்களையே கோத்துக்கொண்டார்கள்.

அப்பா யோசித்தார். "அப்போ அது யாரோட சொல்லு? அவனுதா, இவனுதா?"

அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியிருந்தாள். திரும்பாமலே பதில் சொன்னாள்.

முப்பது வருடம் இந்த ஊர்த் தங்கச் சுரங்கத்தில் டிரில்லிங் மிஷின் பிடித்தவர். காது அங்கேயே போய்விட்டது. உதட்டைப் பார்த்துத்தான் கேட்பார். அவருக்கு முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும் என்பது அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து தெரியும்.

பிறகு அவர் படுத்த கட்டில் சத்தம் கேட்டது. அவள் திரும்புவாள் என்று எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாரோ.

பத்து மணிக்குக் கண்ணாடிப் பெட்டி வந்தது. பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான சாம்பியன் ரீப்ஸிலிருந்து துரை சித்தப்பா வந்து புத்தர் படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார். பஞ்சசீலம் சொன்னார். வந்தவர்கள் பாலி வரிகளைத் திருப்பிச் சொன்னார்கள். முடிந்ததும் டீக்காக வெளியே போனார்கள்.

"பெருமாளாண்ட கத்திக் கத்தியே என் தொண்ட போச்சுப்பா."

"காது கேக்காமயே உன்ன சீட்டுல ஜெயிச்சாரு இல்ல, அத்த சொல்லு."

யாரோ சிரித்து, சட்டென்று நிறுத்தினார்கள்.

சங்கமித்ரா எழுந்து பெட்டியைச் சுற்றி வந்து, அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். எப்போதும் போல, குரல் இல்லாமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ரெண்டு துண்டும் பின்லாந்துக்காரங்களுதுப்பா. சேத்த விதம் மட்டும்தான் ஜெர்மன்காரங்ககிட்ட வாங்கினது.

முதல் தடவையில் அவருக்குப் பிடிபடாது. மறுபடி சொன்னாள்.

மங்கம்மா டீயோடு வாசலில் நின்றிருந்தாள்.

"இன்னாடி, வாய மட்டும் அசைச்சினுகீற? சத்தம் போட்டு அழுதுடுடி."